சுத்தமாக வந்த பொட்டலம்

பூஞ்சேரி, மாமல்லபுரம்
4 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய டாக்டர் ஹரிசங்கர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு ஆசையில்லை. உங்கள் எண்ணை மூன்று வருடத்துக்கு முன்பே போனிலிருந்து அழித்துவிட்டேன். ஆனால் விதை அனுப்பினால் கையால் எழுதிய கடிதமும் கூட வைக்க வேண்டும் என்பது நம் வழிகாட்டி ரோகிணி மேடம் ஆய்வகத்தின் சட்டம். நாம் இரண்டு பேரும் அந்த ஆய்வகத்தில் ஒரே மேசையில் ஐந்து வருடம் உட்கார்ந்தவர்கள். சட்டத்தை நான் மீறுவதில்லை.

இந்த உறையில் ஆறு மணிகள் இருக்கின்றன. வயலில் விளையும் கறுப்பு ஓட்ஸையும் காட்டு ஓட்ஸையும் கலந்து நான் எடுத்தவை. மொத்தமே பதினொன்றுதான் தேறியது. பூவிலிருந்து மகரந்தப் பையை ஊசியால் எடுக்கிற வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் கண் எரிந்தது.

சென்னைக் கருத்தரங்கில் என் கலப்புச் செடியின் கதிரில் பாதி பதர் என்று சொன்னேன். காரணமும் சொன்னேன். நீங்கள் கூட்டத்தின் நடுவில் எழுந்து, "செங்கல்பட்டு வெயிலில் குளிர்ப்பயிரை வளர்த்தால் பாதி பதர் வராமல் என்ன வரும்?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். மேடையில் நின்றவள் நான். அதோடு விட்டீர்களா? என் செடியின் கணக்கையே எடுத்து, வெயிலால் வந்த பதர் என்று உங்கள் கட்டுரையின் மூன்றாவது அட்டவணையில் போட்டீர்கள். நன்றி என்று கடைசிப் பக்கத்தில் என் பெயர் வேறு.

நான் சொன்னதை நீங்கள் மறந்திருக்கலாம். அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இன்னொரு முறை சொல்கிறேன். வயல் ஓட்ஸில் ஏழு ஜோடி குரோமோசோம். காட்டு ஓட்ஸிலும் ஏழு ஜோடி. என்றோ ஒரு காலத்தில், இரண்டில் ஏதோ ஒன்றில், இரண்டு குரோமோசோம்கள் தங்கள் வாலைத் தமக்குள் மாற்றிக்கொண்டன. கோயில் வாசலில் இரண்டு பேர் ஒற்றைச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போவதுபோல. அவரவர் ஊருக்குள் நடக்கும்வரை தெரியாது. இரண்டையும் கலந்தால் தெரியும். ஜோடி சேர வேண்டிய நேரத்தில், வால் மாறிய இரண்டும் மாறாத இரண்டுமாக அந்த நான்கும் கைகோத்து வளையமாக நிற்கும். பிரியும்போது பாதிக்கு ஒரு வால் கூடும், ஒரு வால் குறையும். அந்தப் பாதி மணியாகாது, பதராகும். அந்த வளையத்தை நான் கண்ணால் பார்த்தேன். நீங்களோ ஸ்லைடை நான் சரியாக அழுத்தவில்லை, ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கிறது என்றீர்கள்.

என் ஆய்வேடு திரும்பி வந்துவிட்டது. தேர்வாளர் ஒரே வரிதான் எழுதியிருக்கிறார்: "குளிர்ந்த இடத்தில் வளர்த்துக் காட்டவும்." எனக்கு இருப்பது அடுத்த ஆகஸ்ட் 31 வரை. அதற்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லையென்றால் இந்தக் கௌரவ விரிவுரையாளர் வேலையும் போய்விடும். தமிழ்நாட்டில் ஓட்ஸுக்கு ஏற்ற குளிரும், குரோமோசோம் தெரிந்த ஆளும் ஒரே இடத்தில் இருப்பது உங்கள் ஊட்டி ஆராய்ச்சிப் பண்ணையில்தான். வேறு வழி இருந்தால் இந்தத் தபால்தலைக்குச் செலவழித்திருக்க மாட்டேன்.

விதைத்து, கதிரில் எத்தனை நிறை, எத்தனை பதர் என்று மட்டும் எண்ணிச் சொல்லுங்கள். வெயில்தான் காரணம் என்றால் ஊட்டியில் எல்லாம் நிறையும். நான் சொல்வது சரியென்றால் அங்கேயும் பாதி பதர்.

இப்படிக்கு,
ஜெ. சிநேகா


ஊட்டி
15 அக்டோபர் 2024

திருமிகு ஜெ. சிநேகா அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் ஆறு மணிகளும் நல்லபடியாக வந்து சேர்ந்தன. நேற்று தனித்தனித் தொட்டியில் விதைத்துவிட்டேன். பக்கத்தில் வயல் ஓட்ஸ் மூன்று, காட்டு ஓட்ஸ் மூன்று, ஒப்பிட்டுப் பார்க்க. எண் போட்ட அட்டையும் கட்டியாகிவிட்டது.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, உங்களுக்குச் சாதகமாகவும் எண்ண மாட்டேன், பாதகமாகவும் எண்ண மாட்டேன். இரண்டு, அன்று கூட்டத்தில் நான் கேட்டது அறிவியல் கேள்வி. கேட்ட விதம் சரியில்லை என்று பிற்பாடு தோன்றியது. கேள்வி தவறு என்று இன்றுவரை தோன்றவில்லை.

தபால்தலை விலையை நான் திருப்பித் தர வேண்டுமா என்று கடிதத்திலிருந்து புரியவில்லை.

ஹரிசங்கர்


செங்கல்பட்டு
5 டிசம்பர் 2024

டாக்டர் ஹரிசங்கர் அவர்களுக்கு,

தபால்தலை விலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டீ குடிக்கலாம்.

இது புகார்க் கடிதம் இல்லை. மீதி ஐந்து மணிகளை இங்கே கல்லூரிப் பின்புறத்து நிழல்வலைக் கூடாரத்தில் விதைத்திருந்தேன். ஈரச் சாக்கு தொங்கவிட்டு, பழைய ஏர்கூலர் ஒன்றை வைத்து, முழங்கால் உயரத்துக்கு வளர்த்துவிட்டேன். போன வாரப் புயலில் கொளவாய் ஏரிப்பக்கமிருந்து தண்ணீர் ஏறியது. திருக்கழுக்குன்றம் சாலையில் மரம் விழுந்து இரண்டு நாள் பஸ் இல்லை. மூன்றாவது நாள் யாரோ ஒருவரின் பால்வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். கூடாரம் ஒரு பக்கம், கூலர் ஒரு பக்கம் கிடந்தன. செடிகள் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. கையை விட்டுத் தேடினேன். அழுகிய வேர் ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆக, இந்த உலகத்தில் அந்தக் கலப்பில் மிச்சம் இருப்பது உங்கள் தொட்டியில் நிற்கும் ஆறு செடிகள் மட்டும். மறுபடி கலக்க எனக்குப் பருவமும் இல்லை, நாளும் இல்லை.

நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள், உங்களுக்குத் தெரியும். இப்போது கெஞ்சுகிறேன். அந்த ஆறையும் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டு ஓட்ஸின் பிள்ளை என்பதால் பழுத்தவுடன் உதிர்ந்துவிடும். கதிருக்கு முன்கூட்டியே காகிதப் பை கட்டுங்கள்.

சிநேகா


ஊட்டி
24 பிப்ரவரி 2025

சிநேகாவுக்கு,

பை கட்டினேன். உறைபனி விழுந்த நாட்களில் ஆறு தொட்டியையும் என் அறைக்குள் எடுத்து வைத்தேன். அறுவடை நேரத்தில் எனக்கு ஒரு வாரம் கோயம்புத்தூரில் பயிற்சி இருந்தது. பைகளைத் திறந்து மணிகளைத் தனித்தனியாக எடுத்து வைக்கும்படி பண்ணையில் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து நானே ஒவ்வொன்றாக எண்ணினேன்.

ஆறு செடியிலும் சேர்த்து 212 மணிகள். 212-உம் நிறைமணி. ஒரு பதர்கூட இல்லை.

இதை எழுதப் பேனாவை எடுத்து மூன்று நாள் ஆகிறது. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்கு என்ன எழுதுவது என்றுதான் தோன்றியது. செடிகள் இடுப்பளவு வளர்ந்தன, ஆரோக்கியமாகத்தான் இருந்தன. செடிக்கு முப்பத்தைந்து மணி வீதம்தான் கிடைத்தது, கொஞ்சம் குறைவு. கலப்புச் செடி அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

212-ஐயும் இத்துடன் அனுப்புகிறேன். நீயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். தேர்வாளருக்கு ஏதாவது எழுத வேண்டுமென்றால், உன் ஸ்லைடுகள் நேர்மையாகச் செய்யப்பட்டவை என்று நான் எழுதித் தருகிறேன். அதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

ஹரி


பூஞ்சேரி
7 மார்ச் 2025

ஹரி,

"நீங்கள்" எல்லாம் இத்தோடு போதும். கோபப்படுவதற்கு "நீ"தான் வசதி.

உன் கடிதம் வந்த அன்று பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அலமாரி மேல் வீசிவிட்டுப் படுத்துவிட்டேன். மூன்று நாள் கல்லூரிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். ஆய்வேட்டைக் கட்டி வைத்துவிட்டு, கூடுவாஞ்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை அம்மா அலமாரியைத் துடைக்கும்போது பொட்டலம் கீழே விழுந்தது. எங்கள் அம்மா மேரியை உனக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஊரார் களத்தில் கூலிக்குப் புடைத்தவர், இன்றைக்குப் பள்ளிக்கூடச் சத்துணவில் தினமும் முப்பது கிலோ அரிசி பார்க்கிறவர். பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, இம்மாஞ் சுத்தமா கீது?" என்றார்.

"ஓட்ஸும்மா. ஊட்டிலேர்ந்து வந்துது. வுடு."

"ஓட்ஸோ கீட்ஸோ. கதிர்லேர்ந்து நேரா வந்துச்சின்ற, ஒரு பதரு இல்ல, ஒரு தூசு இல்ல. யாரு புடைச்சது இத்த?"

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"யாரும் புடைக்கலம்மா."

"ஏய், யாருகிட்ட சொல்ற? நல்ல கை பட்டுக்கீது. மொறத்துல நாலு தட்டு தட்டி, காத்துல ஒரு வாட்டி வுட்டுக்கீறா. பதரெல்லாம் பறந்து பூட்சி. எவளோ தெரில, வேலக்காரி."

ஹரி, நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது. அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இடுப்பளவு வளர்ந்த செடியில் முப்பத்தைந்து மணிதானா என்று நீ ஏன் கேட்கவில்லை? மீதி முப்பத்தைந்து எங்கே போனது? காகிதப் பைக்குள் பழுத்த கதிர் அது. ஒரு மீசை முள், ஒரு உமித் துணுக்காவது பொட்டலத்தில் இருக்க வேண்டாமா? குரோமோசோமில் ஊசிமுனை அளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவன், கண்ணெதிரே இருக்கும் இந்தச் சுத்தத்தைப் பார்க்கவில்லை. நீ பிறந்ததிலிருந்து உன் வீட்டுக்கு அரிசி புடைத்தேதான் வந்திருக்கிறது, பாவம், உனக்கு எப்படித் தெரியும்?

போய் விசாரி. பதர் எங்கே என்று கேள்.

அது கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு இன்னொரு வழி தெரிந்துவிட்டது. இந்த 212 மணியும் அந்தக் கலப்பின் பிள்ளைகள். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நாற்பது எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உடனே விதை, ஜூலையில் பழுத்துவிடும். எத்தனை செடி எப்படிக் காய்க்கும் என்று இப்போதே தனி உறையில் எழுதி ஒட்டி அனுப்புகிறேன். எண்ணி முடிக்கும்வரை அதைப் பிரிக்காதே. உன் கணக்குப்படி வெயில்தான் காரணமென்றால், ஊட்டியில் நாற்பதும் நிறைய வேண்டும். என் கணக்கு உறைக்குள் இருக்கிறது.

சிநேகா

பி.கு.: புடைத்தவர் யாராக இருந்தாலும் திட்டாதே.


ஊட்டி
17 மார்ச் 2025

சிநேகா,

உன் பின்குறிப்பைக் கடைசியில்தான் படித்தேன். அதற்குள் திட்டிவிட்டேன்.

சந்திரம்மா என்று ஒருவர். பண்ணையில் இருபது வருடமாக விதை சுத்தம் செய்கிறவர். பைகளைத் திறந்தது அவர்தான். "இதில் இருந்த பதர் எங்கே?" என்று நான் கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"என்ன சார் இது? பாதிக்குப் பாதி பதரா இருந்துச்சு. அந்தக் குப்பையோட ஒரு ஆபீசருக்குக் குடுத்தா நல்லாவா இருக்கும்? பண்ணையில எந்த விதையைப் புடைக்காம குடுத்திருக்கேன், சொல்லுங்க."

"பாதிக்குப் பாதியா?" என்றேன்.

"ஆமா. அந்த ஆறு தொட்டியில மட்டும். பக்கத்துல இருந்ததெல்லாம் நல்லா நிறைஞ்சுதான் இருந்துச்சு. சவலைச் செடின்னு நினைச்சேன்."

எல்லா இடத்திலும் தேடிப் பார்த்தேன். பதர் குப்பைமேட்டுக்குப் போய், மழையில் போய்விட்டது. வைக்கோல் மாட்டுக்குப் போய்விட்டது. இருப்பது சந்திரம்மாவின் வாய்ச்சொல் மட்டும். அதை எந்தத் தேர்வாளரும் ஏற்க மாட்டார். நான் ஏற்கிறேனா என்று உன்னை நீயே கேட்டுக்கொண்டிருப்பாய். எண்ணாததை நான் ஏற்பதில்லை. ஆனால் அன்று இரண்டு இட்லிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்தைந்து மணி என்பதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, காரணத்தையும் நானே சொல்லிக்கொண்டேன். எனக்குப் பிடித்த விடை வந்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். அது உமியைப் பார்க்காததைவிடப் பெரிய தவறு.

நாற்பதையும் இன்று விதைத்தேன். உறை என் மேசை டிராயரில் இருக்கிறது. சாவி என்னிடம் இருந்தால் சரிவராது என்று சந்திரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மன்னிப்பும் கேட்டுவிட்டேன். "அந்தம்மா யாரு சார், இங்க வராமலே நான் புடைச்சதைக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். உன் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஹரி


செங்கல்பட்டு
9 மே 2025

ஹரி,

இங்கே கத்திரி வெயில். ஆய்வகத்தில் மின்விசிறி சுற்றினால் ஸ்லைடின் சாயம் காய்ந்துவிடுகிறது, நிறுத்தினால் நாங்கள் காய்ந்துவிடுகிறோம். கோடை விடுமுறை என்பதால் நானும் கண்காணிப்புக் கேமராவும்தான்.

கேட்க மாட்டேன் என்று இருந்தேன், கேட்கிறேன். முளைத்ததா? எத்தனை? எண்ணிக்கை மட்டும் போதும்.

பூங்கதிர் இலையுறைக்குள் இருக்கும்போதே இளமொட்டு எடு. காலை ஆறரைக்குள் எடுத்து, சாராயமும் அசிட்டிக் அமிலமும் கலந்த குப்பியில் போட்டுவிடு. நீ எப்போதும் பத்து மணிக்கு டீ குடித்துவிட்டு எடுப்பாய். நான் அன்று ஆறரைக்கு எடுத்ததால்தான் வளையத்தைப் பார்த்தேன், அதே செடியில் நீ பத்து மணிக்கு எடுத்த மொட்டில் தேடினாய். அதற்குள் அவை பிரிந்துபோயிருக்கும். இதை அன்றே சொல்லியிருக்கலாம். மேடையில் அழாமல் நிற்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது, சொல்ல வரவில்லை.

சிநேகா


ஊட்டி
12 ஜூன் 2025

சிநேகா,

முளைத்தவை முப்பத்தெட்டு. இரண்டு முளைக்கவில்லை.

பன்னிரண்டு நாளாகக் காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். இந்தக் குளிரில் ஐந்தரை என்றால் என்னவென்று பூஞ்சேரியில் இருக்கிறவளுக்குத் தெரியாது. ஆறரைக்கு மொட்டு எடுத்தேன். டீ குடிக்கவில்லை.

முதல் இரண்டு செடியில் ஏழு ஜோடிகள், அழகாக, தனித்தனியாக. மூன்றாவது செடியில் ஐந்து ஜோடிகள்தான் இருந்தன. ஸ்லைடின் ஓரத்தில் மீதி நான்கும் கும்மியடிக்கிற பெண்கள் மாதிரி கைகோத்து நின்றன. ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. ஸ்லைடில் அழுத்தம் சரி. நான்தான் அழுத்தினேன், அதனால் உன்மேல் பழி போடவும் வழியில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்படியேதான் நின்றன. பக்கத்துச் செல்லிலும் அப்படியே. அதற்கடுத்த செல்லிலும். நீ மேடையில் கோலால் சுட்டிக்காட்டிய அதே வளையம். அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது உன்னை, படத்தை இல்லை என்று இப்போது தெரிகிறது. என் பக்கத்து மேசைக்காரி எனக்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாளே என்ற எரிச்சல்தான் எழுந்து நின்று பேசியது. இதை எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்த மாட்டேன்.

முப்பத்தெட்டையும் பார்த்து முடித்துவிட்டேன். பதினெட்டில் வளையம் இருக்கிறது, இருபதில் இல்லை. வளையம் உள்ள செடிக்குச் சிவப்பு நூல் கட்டலாம் என்று முதலில் நினைத்தேன். கட்டினால் எண்ணும்போது என் கண் ஒருபக்கம் சாயும். அதனால் எண்களை ஒரு காகிதத்தில் எழுதி, உன் உறையோடு டிராயரில் போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டேன். கதிர் பழுக்கட்டும். எண்ணப்போவது நான் இல்லை, சந்திரம்மா. அவருக்கு வளையமும் தெரியாது, நம் சண்டையும் தெரியாது.

ஹரி


பூஞ்சேரி
18 ஜூன் 2025

ஹரி,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். திருக்கழுக்குன்றத்தில் இறங்க வேண்டியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வேலை கெட்ச்சிதா?" என்று கேட்டார். "கிடைச்ச மாதிரிதாண்ணா" என்றேன்.

எரிச்சல் என்று நீ எழுதிய வரியை இரண்டு தடவை படித்தேன். மூன்று வருடமாக நான் உன்னை எப்படியெல்லாம் திட்டினேனோ, அதில் அந்த வார்த்தைதான் இல்லை. என் ஸ்லைடை மட்டமாக நினைக்கிறாய் என்றே நினைத்திருந்தேன். ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி ஆறிவிட்டது. மீதிப் பாதி அட்டவணை எண் மூன்று.

சந்திரம்மாவிடம் சொல், குப்பையை மட்டும் இந்தத் தடவை விட்டுவிட வேண்டாம்.

சிநேகா


ஊட்டி
27 ஜூலை 2025

சிநேகா,

எண்ணி முடிந்தது.

சந்திரம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "இருபது வருஷமா பதரைத் தூக்கிப் போட்டேன், இப்ப அதையும் எண்ணிக் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்தார். நான்கு நாள். விரல்நுனியால் ஒரு அழுத்து, நிறை வலப்பக்கம், பதர் இடப்பக்கம். நான் எழுதிக்கொண்டு மட்டும் இருந்தேன். வெளியே ஜூலை மழை, உள்ளே முப்பத்தெட்டுச் செடி.

இருபது செடிகள் முழுக்க நிறை. பதினெட்டுச் செடிகளில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி பதர். எல்லாம் ஒரே கூரை, ஒரே குளிர், ஒரே தண்ணீர்.

பிறகு சந்திரம்மா சாவியைக் கொடுத்தார். ஜூனில் நான் எழுதிவைத்த எண்களை எடுத்தேன். ஒவ்வொன்றாக நான் படிக்க, அவர் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். மூன்று: பாதி பதர். ஐந்து: பாதி பதர். ஒன்பது: பாதி பதர். பத்தாவது எண்ணுக்கு மேல் அவருக்கே விஷயம் பிடிபட்டுவிட்டது, நான் எண்ணைச் சொல்வதற்கு முன்னாலேயே "பாதி!" என்று கத்த ஆரம்பித்தார். பதினெட்டுக்குப் பதினெட்டு. வளையம் இருந்த செடி ஒன்றுகூட நிறையவில்லை, வளையம் இல்லாத செடி ஒன்றுகூடக் குறையவில்லை. தப்பு ஒன்றாவது இருக்கும் என்று கடைசிப் பொட்டலம்வரை காத்திருந்தேன். இல்லை.

அதற்கப்புறம்தான் உன் உறையைப் பிரித்தேன்.

"நாற்பதில் ஏறக்குறைய பாதிச் செடிக்கு இரண்டு பக்கமிருந்தும் ஒரே வகை வால் கிடைத்திருக்கும், அவை முழுக்க நிறையும். மீதிப் பாதியில் பாதி பதராக இருக்கும். வளையம் தேடிப் பார்க்க உனக்குப் பொறுமை இருந்தால், பதர் உள்ளதில் மட்டுமே அது இருக்கும். வேறு மாதிரி வந்தால் நான் இதை விட்டுவிட்டு அம்மாவோடு சத்துணவுக்குப் போகிறேன். சரியாக வந்தால் எழுந்து நின்று படிக்கவும்."

எழுந்து நின்றுதான் படித்தேன், உட்கார முடியவில்லை.

வெயில் இல்லை, சிநேகா. ஒருபோதும் வெயில் இல்லை. நீ சொன்னதுதான்.

என் கட்டுரை வந்த இதழுக்கு நேற்றே எழுதிவிட்டேன். மூன்றாவது அட்டவணையை நீக்கச் சொல்லி, காரணத்தையும் உன் பெயரையும் சேர்த்து. நகல் இத்துடன். படங்கள், எண்ணிக்கைத் தாள்கள், சந்திரம்மாவின் கையெழுத்து எல்லாம் விரைவுத் தபாலில் தனியாக வருகின்றன. ஆகஸ்ட் 31-க்கு இன்னும் முப்பத்தைந்து நாள் இருக்கிறது. தூங்கி எழுந்து எழுது.

ஹரி


பூஞ்சேரி
19 நவம்பர் 2025

ஹரி,

நீ வந்துவிட்டு, பேசிவிட்டு, சாப்பிடக்கூட நில்லாமல் ரயிலுக்கு ஓடிவிட்டாய். அதனால் நேற்று நடந்ததையே உனக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது. நீ இருந்தது முன்வரிசையில், உனக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது.

வாய்மொழித் தேர்வு பத்தரைக்கு. அம்மா ஒன்பதுக்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார், மடியில் டிபன் கேரியர். மேசைமேல் நான் இரண்டு கண்ணாடிக் குப்பி வைத்திருந்தேன். ஒன்றில் நிறை, ஒன்றில் பதர், ஒரே செடியினுடையவை. தேர்வாளர் வந்ததும் நிறையை விட்டுவிட்டுப் பதர்க் குப்பியைத்தான் கையில் எடுத்தார். கொஞ்சம் தைரியம் வந்தது.

அவர் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "இரண்டில் எது கெட்டுப்போன ஓட்ஸ்? வயலுடையதா, காட்டுடையதா?" அதற்கு நான் தயார்செய்த பதில் ஒன்று இருந்தது, மூன்று பக்கம். வாயில் வந்தது வேறு. "எதுவும் கெட்டுப்போகவில்லை சார். வயல் ஓட்ஸும் முழுசு, காட்டு ஓட்ஸும் முழுசு. ஒரு வீட்டில் வால் இடம் மாறியிருக்கிறது. எந்த வீட்டில் என்பதை மூன்றாவது வகை ஓட்ஸ் ஒன்றோடு கலந்துதான் சொல்ல முடியும். ஒரே இனம் இரண்டாகப் பிரிய ஆரம்பிப்பது இப்படித்தான்" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார்கள். நீ எழுந்தாய்.

உண்மையைச் சொல்கிறேன். எல்லாம் தெரிந்திருந்தும், நீ எழுந்த அந்த நொடியில் நிறைக் குப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அதே சட்டை நிறம், அதே மாதிரி தொண்டையைக் கனைத்தாய். சென்னை மேடையில் நிற்பதுபோலவே இருந்தது.

"எனக்குக் கேள்வி இல்லை" என்றாய். "நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் இவர் சொன்னதை வெயில் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தவன் நான். வெயில் இல்லை. ஊட்டியில் வளர்த்து, என் கண்ணால் பார்த்து, எண்ணவைத்தேன். இவர் அன்று சொன்னதே சரி. அன்று எத்தனை பேர் கேட்டார்களோ, அத்தனை பேர் கேட்க இதைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்."

நீ உட்கார்ந்ததும் மண்டபம் முழுக்கக் கைத்தட்டல். எனக்கு அது காதில் சரியாக விழவில்லை. அம்மா மட்டும் தட்டவில்லை. பக்கத்திலிருந்த ரோகிணி மேடத்தைத் தோளில் தட்டி, "இன்னா சொல்றாரு அந்தப் புள்ள? எம்பொண்ணு சொன்னது கரெக்டுன்றாரா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாம்மா" என்றிருக்கிறார் மேடம். "அத்த நான் மார்ச்சிலயே சொல்லிகினு இருந்தேனே" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் அழுதாராம்.

பட்டம் பரிந்துரைக்கப்படுகிறது என்று படித்தார்கள். நன்றிப் பக்கத்தைப் பார்த்தாயா? முதல் பெயர் சந்திரம்மா, இரண்டாவது பெயர் மேரி. உன் பெயர் மூன்றாவதுதான். ஆனால் கட்டுரையில் என் பெயருக்கு அடுத்து உன் பெயர் வரும். நான் முதலில், அதில் பேச்சுக்கே இடமில்லை.

மீதிப் பாதியும் ஆறிவிட்டது, ஹரி. நேற்று நீ உட்கார்ந்தபோதே.

உன் எண்ணை மேடத்திடம் வாங்கி மறுபடி ஏற்றிவிட்டேன். இன்று சாயங்காலம் கூப்பிடுவேன். ஆனாலும் சட்டம் சட்டம்தான். இந்த உறையில் பன்னிரண்டு மணி இருக்கிறது, நம் வயல் ஓட்ஸும் மூன்றாவது ஓட்ஸும் கலந்தது. கண் மறுபடி எரிகிறது. விதை, ஆறரைக்கு எழு, டீயை அப்புறம் குடி.

அறுவடையானதும் பொட்டலத்தில் பதரையும் சேர்த்தே அனுப்பு.

உன் பக்கத்து மேசைக்காரி,
டாக்டர் சிநேகா